லெப்டொப்பைச் சாக்கில் தைத்த கதை

மிளகு வியாபாரிக்குக் கண்ணில் படுவதெல்லாம் மிளகுதான். கல்யாண வீட்டில் சோறு வைத்தால்கூட முதலில் ஒரு பருக்கையை எடுத்து நகத்தால் நசுக்கி ஈரம் பார்ப்போம். பெண் பார்க்கப் போன இடத்தில் தேத்தண்ணியோடு வைத்த முந்திரிப் பருப்பை உள்ளங்கையில் போட்டு எடை பார்த்தவன் நான். (பக்கத்திலிருந்த என் உம்மா விலாவில் ஒரு இடி இடித்தார். பெண் வீட்டார் அதைப் பார்த்தும் பெண் கொடுத்தார்கள், அது அவர்களுடைய பெருந்தன்மை.) இந்த வியாதியை மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்த அத்தனை கூத்துக்கும் இதுதான் காரணம்.

யட்டவத்தையில் எனக்கு ஒரு மிளகுக் கடை. சுற்றியிருக்கிற தோட்டங்களில் மிளகு வாங்கி, காயவைத்து, தரம் பிரித்து, புதன்கிழமை தோறும் என்னுடைய சின்ன லொறியில் கண்டிக்குக் கொண்டுபோய்க் கொடுப்பேன். நல்ல மிளகு கனக்கும். சொத்தை மிளகு பார்க்க உருண்டையாக, அழகாக, நல்ல பிள்ளையாக இருக்கும். தண்ணீரில் போட்டால் மிதக்கும். ஆகவே கனம்தான் தரம். இந்த ஒரு பாடத்தை வைத்துக்கொண்டு நான் உலகத்தையே நிறுத்துக்கொண்டிருந்தேன்.

என் மனைவி ஷிபானா வீடு வரைகிறவள். நிக்காஹ் பேசும்போது அவள் பக்கத்திலிருந்து வந்த நிபந்தனை ஒன்றே ஒன்று: "என் வேலையை மட்டும் எப்பவும் நிறுத்தச் சொல்லக்கூடாது." நான் தாராள மனசோடு "அதுக்கென்ன, தாராளமா செய்யட்டும்" என்று சொல்லிவிட்டேன். அது என்ன வேலை என்று தெரியாமலேயே சொன்னேன். ஏதோ கடதாசியில் கோடு போடுகிற வேலை, பென்சில் செலவு மட்டும்தான் என்று நினைப்பு.

கல்யாணமாகி ஐந்தாவது மாதம் அவளுக்கு முதல் பெரிய வேலை ஒன்று வாசல்வரை வந்தது. லக்கலையில், மலை பார்த்த மேட்டு நிலத்தில், சுற்றுலா வருகிறவர்கள் தங்க நாலு கபானா வீடு கட்ட வேண்டும். நிலத்துக்காரி மெனிக்கே அம்மா, அறுபது வயது, வயலும், காடு வெட்டிச் செய்யும் சேனையுமாக வாழ்ந்தவர். இன்னொரு பக்கம் கொழும்பிலிருந்து ஏதோ கம்பனிக்காரர்களும் இதே வேலைக்குப் படம் போட்டுக் கொடுத்திருந்தார்கள். ஒரு திங்கட்கிழமை காலையில் ஷிபானா, பின்னேரம் அவர்கள். இரண்டையும் பார்த்துவிட்டு அன்றைக்கே முடிவு சொல்வதாக ஏற்பாடு. இந்த நேரம் பார்த்து அவளுடைய பழைய லெப்டொப் ஒரு ஊதுபத்தி வாசனையை விட்டுவிட்டு மௌத்தாகிவிட்டது.

"இங்க பாருங்க," என்றாள். "நான் கூட்டாளி வீட்டுக் கொம்பியூட்டர்ல இருந்து வரைஞ்சு முடிக்கணும். எனக்குக் கண்டிக்கு வர நேரமில்ல. நீங்க புதன்கிழமை போறீங்கதானே, இதைப் பார்த்து அப்படியே வாங்கிட்டு வாங்க." கையில் ஒரு கடதாசியைத் தந்தாள்.

படம் ஓட்டத் தனி கார்டு இருக்க வேண்டும், நினைவகம் இவ்வளவு இருக்க வேண்டும், திரையில் நிறம் சரியாகத் தெரிய வேண்டும், உடம்பு உலோகமாக இருக்க வேண்டும், பற்றரி குறைந்தது ஆறு மணி நேரம் நிற்க வேண்டும். கடைசி வரியை இரண்டு தடவை அடிக்கோடிட்டிருந்தாள்: எடை இரண்டு கிலோவுக்குக் கீழே.

எனக்குச் சிரிப்பு வந்தது. பாவம், படித்த பிள்ளை, வியாபாரம் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

கண்டிக் கடையில் டை கட்டி, தாடியை அளவாக வெட்டியிருந்த ஒருவர் என்னை வரவேற்றார். கடதாசியைப் படித்துவிட்டு, "இதுக்கு ஏத்த சாமான் ஒண்ணு இருக்கு, சேர்" என்று ஒன்றை எடுத்து வைத்தார். வெள்ளி நிறம். தாம்பாளத் தட்டு அளவு கனம்கூட இல்லை. நான் அதை உள்ளங்கையில் ஏந்தினேன். காதுக்குப் பக்கத்தில் வைத்துக் குலுக்கினேன். முதுகில் சுண்டிப் பார்த்தேன்.

"சேர், அது தேங்காய் இல்ல," என்றார் அவர், மரியாதையாகத்தான்.

"தம்பி, இது சொத்தை. உள்ள ஒண்ணுமில்ல. வேறென்ன வச்சிருக்கீங்க?"

அவர் ஒரு பெருமூச்சோடு உள்ளே போய், இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு ஒன்றைக் கொண்டுவந்தார். கறுப்பு. மௌத்தானவரைத் தூக்கும் சந்தூக்கு மூடி மாதிரி கனதி. வெளிநாட்டில் ஏதோ கம்பனியில் எஞ்சினியர்மார் பாவித்ததாம், பெரிய பெரிய பாலம் எல்லாம் இதில்தான் வரைவார்களாம். மேசையில் வைத்தபோது மேசையிலிருந்த பேனா உருண்டு கீழே விழுந்தது. அதனுடைய சார்ஜர் மட்டும் ஒரு செங்கல். நான் தூக்கினேன். தோள்பட்டைவரை கனம் ஏறியது. சுப்ஹானல்லாஹ், இதுவல்லவா சாமான்!

"விலை?"

"ரெண்டும் ஒரே விலைதான், சேர். ஆனா இதுல பற்றரி..."

அதற்கு மேல் எனக்குக் காது கேட்கவில்லை. ஒரே விலைக்கு மூன்று மடங்கு எடை! எந்த மிளகு வியாபாரி விடுவான்? தாடிக்காரர் கடதாசியின் கடைசி வரியை விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். நான் அவருடைய தோளில் தட்டி, "அது பொம்புளப் பிள்ளைங்க எழுதுறது, தம்பி" என்றேன். (இந்த வசனத்தை நான் சொன்னேன் என்று வீட்டில் இன்றுவரை தெரியாது. இதை வாசித்தால் தெரிந்துவிடும். வருவது வரட்டும்.)

வீட்டில் ஷிபானா பெட்டியைத் திறந்தாள். பிறகு அதைத் தூக்கப் பார்த்து, பாதியில் வைத்துவிட்டாள்.

"ரெண்டு கிலோன்னு எழுதியிருந்தேனே?"

"ரெண்டு கிலோவில எதைப் போட முடியும், ஷிபானா? இதோட உடம்பைப் பாரு. மேல மாடு மிதிச்சாலும் ஒண்ணும் ஆகாது."

"மாடு மிதிக்கிற இடத்தில நான் ஏன் வைக்கப்போறேன்? இதை யாரு தூக்கிட்டு அலையிறது?"

"நான் இருக்கேனே! நீ போற இடத்துக்கெல்லாம் நான் தூக்கிட்டு வாறேன்."

அவள் சிரிக்கவில்லை. ஆனால் அதை முடுக்கி உள்ளே என்னென்ன இருக்கிறது என்று பார்த்தபோது புருவம் ஏறியது. படம் ஓட்டுகிற கார்டு அவள் கேட்டதைவிடப் பெரியதாம். பற்றரிதான் மோசம்: வேலை செய்தால் அரை மணி, சும்மா விழித்திருந்தால் ஒன்றரை மணி. மாற்றிவர நாளில்லை. "சரி, கரண்ட் இருக்கிற இடந்தானே, சமாளிக்கலாம்" என்று முடித்துவிட்டாள். என்னை ஏசியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

சனிக்கிழமை மத்தியானம் அவள் என்னைக் கூப்பிட்டாள். "வந்து பாருங்க."

அதுவரை நான் அவளுடைய வேலையை ஒழுங்காகப் பார்த்ததில்லை. திரையில் ஒரு மலை. எனக்குத் தெரிந்த மலைதான், லக்கலைக்குச் சேனை மிளகு எடுக்கப் போகும்போது பார்த்தது. மலைக்கு முன்னால் ஒரு வீடு. பலகைச் சுவர், ஓட்டுக் கூரை, வராந்தாவில் இரண்டு கதிரை. அவள் விரலை அசைக்க அசைக்க நாங்கள் வாசலால் உள்ளே போனோம். கட்டில் விரிப்பில் மடிப்பு இருந்தது. ஜன்னல் வெயில் தரையில் விழுந்து, கட்டில் காலில் ஏறி, சுவரில் முடிந்தது. மேசையில் ஒரு கோப்பை தேத்தண்ணி. அதில் ஆவி பறந்தது!

"இந்த வீடு எங்க இருக்கு?" என்று கேட்டேன். லக்கலையில் நான் பார்க்காத வீடா?

"இன்னும் எங்கயும் இல்ல," என்றாள்.

எனக்கு உடம்பு புல்லரித்துவிட்டது. இல்லாத வீட்டுக்குள் நான் போய்வந்திருக்கிறேன். இல்லாத கோப்பையின் தேத்தண்ணி எனக்கு மணத்தது. ஐந்து மாதமாக என்னோடு ஒரே தட்டில் சோறு தின்கிற இந்தப் பெண்ணுக்குள் இவ்வளவு பெரிய விஷயம் இருக்கிறது, நானோ பென்சில் செலவைக் கணக்குப் பார்த்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. இந்த வேலை இவளுக்குக் கிடைத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் நான் மனுஷனே இல்லை என்று அந்த நிமிடம் முடிவெடுத்தேன். நான் எதையாவது தீவிரமாக முடிவெடுத்தால் பக்கத்தில் இருப்பவர்கள் தள்ளி நிற்பது நல்லது.

படம் முழுவதையும் ஓடும் காட்சியாக மாற்ற அந்த யந்திரம் பல மணி நேரம் இரைந்துகொண்டே இருக்க வேண்டியிருந்தது. நெல் ஆலை மாதிரி சத்தம். இதில் ஒரு சிக்கல்: என் உம்மா வீட்டில் திறந்து கிடக்கிற எதைக் கண்டாலும் மூடிவைப்பவர், பானையானாலும் சரி, லெப்டொப்பானாலும் சரி. மூடினால் அது தூங்கிவிடும், வேலை நின்றுவிடும். அதனால் ஷிபானா, மூடினாலும் தூங்காதபடி அதற்குள் எதையோ மாற்றிவைத்திருந்தாள். அது எனக்குத் தெரியாது.

திங்கள் காலை ஆறு மணிக்கு எல்லாம் முடிந்தது. "நான் உடுத்துட்டு வாறேன். நீங்க அதை அணைச்சுப் பத்திரமா எடுத்து வைங்க" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போனாள்.

நான் மூடியை மூடினேன். வெளிச்சம் போய்விட்டது. எங்கள் அகராதியில் மூடினால் முடிந்தது, அவ்வளவுதான்.

பத்திரம் என்றாளே, அதை யோசித்தேன். லக்கலைக்குப் போகும் வழியில் றிவஸ்டன் உச்சி இருக்கிறது. அங்கே பனி லொறிக்குள்ளேயே வந்து உட்காரும். மிளகு வியாபாரிக்கு ஷைத்தானுக்கு அடுத்த எதிரி ஈரம். ஓர் இரவு ஈரம் பட்டால் முதல்தர மிளகு பூஞ்சணம் பிடித்துப் போகும். பலகோடி வித்தைகள் அடங்கிய இந்தச் சாமானை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு போவதா? (துணிப்பையில் அது நுழையவும் இல்லை.) ஏற்றுமதி மிளகுக்குப் பாவிக்கிற தடித்த பொலித்தீன் உறை எடுத்தேன். ஒன்று போதாது என்று இரண்டு. காற்றை அமுக்கி வெளியேற்றி, வாயை முறுக்கி, மடித்து, கயிற்றால் இறுக்கினேன். அதைப் புதுச் சாக்கில் இறக்கி, கோணி ஊசியால் வாயைத் தைத்தேன். பதினொரு தையல், ஒன்றுக்கொன்று அச்சுப்போல. தூசிகூட நுழையாது. பழக்கதோஷத்தில் சாக்கின் மேல் "முதல் தரம்" என்று மையால் எழுதியும் விட்டேன். பிறகு லொறியின் பின்னால், இரண்டு மிளகு மூட்டைகளுக்கு நடுவே மெத்தென்று வைத்து, மேலே படங்கை இழுத்துக் கட்டினேன்.

ஷிபானா வந்து முன்னால் ஏறினாள். "வச்சாச்சா?"

"வச்சாச்சு. தண்ணிக்குள்ள போட்டாலும் ஒண்ணும் ஆகாது," என்றேன்.

றிவஸ்டனில் நான் நினைத்தபடியே பனி. நான் மனசுக்குள் என்னையே மெச்சிக்கொண்டு, ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டு ஓட்டினேன். பின்னால் அந்தப் பாவப்பட்ட யந்திரம் மூச்சுவிட ஓட்டையில்லாமல் விழித்துக்கொண்டே வந்திருக்கிறது.

மெனிக்கே அம்மா முற்றத்திலேயே நின்றார். பக்கத்தில் வீடு கட்டுகிற மேசன் பாஸ் ஒருவரும் இருந்தார். அம்மா சிங்களத்தில்தான் பேசினார், நாங்களும் அப்படியே. "வாங்க பிள்ளைகளே. ஒரு கரைச்சல் மட்டும் இருக்கு. நேத்து காலையில யானை வந்து கரண்ட் கம்பத்தில முதுகு சொறிஞ்சிட்டுப் போயிடுச்சு. கம்பம் விழுந்து கிடக்கு. இன்னிக்குச் சரிபண்ண வருவாங்களாம்."

ஷிபானா என்னைப் பார்த்தாள். "பரவாயில்ல. பற்றரி நிறைய இருக்கு, அரை மணி நேரம் தாங்கும். எடுத்து வாங்க."

நான் சாக்கைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து நடு முற்றத்தில் இறக்கினேன். மேசன் பாஸ் "முதல் தரம்" என்பதைப் பார்த்துவிட்டு, "மிளகு வாங்க யாரும் சொல்லலையே அம்மா?" என்றார்.

ஷிபானா சாக்கையும் தையலையும் பார்த்தாள். "தைச்சிருக்கீங்களா?"

"பனி..." என்றேன்.

லொறியிலிருந்து கத்தியைக் கொண்டுவந்து பதினொரு தையலையும் ஒவ்வொன்றாக அறுத்தேன். நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்க ஒரு தையல் அறுக்க எடுக்கிற நேரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். பொலித்தீன் முடிச்சு அவிழ்ந்ததும் உள்ளிருந்து சூடான காற்று முகத்தில் அடித்தது. பேக்கரி அடுப்பைத் திறந்த மாதிரி. லெப்டொப்பைத் தொட்டேன், கையை எடுத்துவிட்டேன். சட்டைப்பையிலிருந்த லேஞ்சியால் பிடித்துத் தூக்கினேன்.

"அணைச்சீங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள் ஷிபானா.

"மூடினேனே."

அவள் பொத்தானை அழுத்தினாள். ஒன்றுமில்லை. திரும்ப அழுத்தினாள். ஒரு புள்ளி வெளிச்சம்கூட வரவில்லை. மெனிக்கே அம்மாவின் நாய் வந்து அதை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது.

யா அல்லாஹ், அப்போது எனக்கு வந்த பயம்! செத்துப்போனது அந்தப் பெட்டி மட்டும் இல்லை. வேலையை நிறுத்தச் சொல்லக்கூடாது என்று ஒரே ஒரு வாக்குக் கேட்டவளின் வேலையை, வாயால் ஒரு சொல் சொல்லாமல், கோணி ஊசியால் நிறுத்திவிட்டேன். அவள் கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது. நான் பேய் முழி முழித்துக்கொண்டு நின்றேன்.

மெனிக்கே அம்மா நல்ல மனுஷி. "பரவாயில்ல மகள், கடதாசியில இருக்கிறதைக் காட்டுங்க" என்றார். ஷிபானா சுருள் கடதாசியை விரித்தாள். அம்மா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். "எனக்கு இந்தக் கோட்டுல வீடு தெரியாது, மகள். கொழும்பு ஆட்கள் தந்ததிலயும் தெரியல. ஆனா அது கலர் புத்தகம். பின்னேரம் அவங்க வந்து விளங்கப்படுத்துவாங்க போல." குரலில் ஏற்கெனவே முடிவு இருந்தது. மேசன் பாஸ் தலையாட்டினார்.

ஷிபானா முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்தாள். என்னைப் பார்த்து, "லொறியில என்னென்ன இருக்கு?" என்றாள்.

"மிளகு ரெண்டு மூட்டை, வெறுஞ் சாக்கு, படங்கு, சாக்கு நூல் உருண்டை, தராசு."

"எல்லாத்தையும் மேட்டுக்கு எடுத்து வாங்க."

மேட்டுக்கு நாலைந்து தடவை ஏறி இறங்கினேன். அங்கே சேனை வேலிக்கு வெட்டிக் கிடந்த கம்புகளை மண்ணில் குத்தச் சொன்னாள். கடதாசியைப் பார்க்கவேயில்லை, அளவெல்லாம் மனப்பாடம். காலடியால் அளந்து, நூலைக் கம்புக்குக் கம்பு இழுத்தாள். இரண்டு மிளகு மூட்டையையும் படுக்கவைத்து மேலே படங்கை விரித்தாள், அது கட்டில். தராசு மேசையாயிற்று. கடைசியில் என்னை ஓரிடத்தில் நிறுத்தி, இரண்டு கையிலும் இரண்டு கம்பைக் கொடுத்து, தலைமேல் ஒரு கம்பைக் குறுக்கே வைத்தாள்.

"இது வாசல். அசையாம நில்லுங்க."

"எவ்வளவு நேரம்?"

அவள் பார்த்த பார்வையில் நான் மரமாகிவிட்டேன்.

மெனிக்கே அம்மா நேராக நூலைத் தாண்டி வரப் பார்த்தார். "ஐயோ அம்மா, அது சுவர்!" என்றாள் ஷிபானா. அம்மா வாயைப் பொத்திச் சிரித்தார். சிரித்துக்கொண்டே சுற்றிவந்து, என் கைக்குக் கீழே, தலையைக் கொஞ்சம் தாழ்த்தி உள்ளே நுழைந்தார். நுழைந்த பிறகு ஏனோ சிரிப்பு நின்றுவிட்டது.

"இப்படி உட்காருங்க," என்றாள் ஷிபானா. அம்மா மிளகு மூட்டையில் உட்கார்ந்தார். "இது ஜன்னல். கட்டில்ல இருந்து தலையைத் தூக்காமலே அந்த மலை உச்சி தெரியணும்னு இவ்வளவு கீழ வச்சிருக்கேன். காலையில வெயில் முதல்ல உங்க கால்ல விழும். அப்புறம் மெதுவா முழங்காலுக்கு வரும். முகத்துக்கு வர்றதுக்குள்ள நீங்களே எழும்பிடுவீங்க. மழை வந்தா இந்தப் பக்கத்தால வரும், அதனால இங்க ஜன்னலே இல்ல. சத்தம் மட்டும் கேட்கும். இங்க கதவைத் திறந்தா வராந்தா, யானை வந்தா இங்கேயிருந்து பார்க்கலாம், அது உங்களைப் பார்க்காது."

அவள் சொல்லச் சொல்ல, உள்ளதைச் சொல்கிறேன், எனக்குச் சுவர் தெரிந்தது. பலகையின் நிறம் தெரிந்தது. லெப்டொப்பும் இல்லை, கரண்டும் இல்லை, நூலும் நாலு கம்பும்தான், ஆனால் சனிக்கிழமை திரையில் பார்த்த அதே வீடு அந்த மேட்டில் எழும்பி நின்றது. அப்படியானால் அது எந்தப் பெட்டிக்குள்ளேயும் இருந்ததில்லை. அவளுக்குள் இருந்தது. கை வலித்தது, தலையில் கம்பு அழுத்தியது, வாயைத் திறந்தபடி நின்றேன். அந்த நேரம் நாய் நூலுக்குள் புகுந்து குறுக்கே ஓடியது. "அடேய், சுவரு! சுவரு!" என்று கத்திவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை. மேசன் பாஸே "ஆமா, அதை விரட்டு" என்றார்.

மெனிக்கே அம்மா எழுந்து, ஜன்னலை இரண்டடி தள்ளச் சொன்னார். ஷிபானா ஓரடிதான் முடியும் என்று சண்டைபிடித்தாள். குளியலறைக்குள் போய், "இருட்டா இருக்கு" என்றார் அம்மா. நட்ட நடு வெயிலில் நின்றுகொண்டுதான் சொன்னார். ஷிபானா அங்கே மேலே ஒரு கண்ணாடி ஓடு வைப்பதாகச் சொன்னாள். "இப்ப சரி" என்றார்.

வெளியே வந்ததும் அம்மா பாஸைப் பார்த்து, "கொழும்பு ஆட்களுக்குப் போன் எடுத்து வரவேணாம்னு சொல்லுங்க. நான் இந்த வீட்டைத்தான் கட்டப்போறேன்" என்றார்.

எனக்குக் கையிலிருந்த கம்பைப் போட்டுவிட்டு ஓடிப்போய் யாரையாவது கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது. அல்ஹம்துலில்லாஹ், அல்ஹம்துலில்லாஹ் என்று மட்டும் சொல்லிக்கொண்டு நின்றேன். ஷிபானா அழுதுகொண்டே சிரித்தாள். ஆனால் அம்மா இன்னும் முடிக்கவில்லை.

"பாஸ், இந்த மிளகு முதலாளி அசையிறதுக்கு முன்னாடி இந்த வாசல் உயரத்தை அளந்துக்கோங்க."

"இல்லம்மா," என்று பதறினாள் ஷிபானா, "அது இவரோட உயரம்! கம்பு தலையில வச்சது! படத்தில வாசல் ஏழடி."

"படத்தில எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொன்னேனே. நான் குனிஞ்சு நுழைஞ்சது இந்த வாசல்ல. பழைய வீடுகள்ல இப்படித்தான், வீட்டுக்கு வர்றவன் தலையைத் தாழ்த்தித்தான் வரணும். எனக்கு இதுதான் வேணும்."

ஷிபானா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். நிலம் அவருடையது, காசு அவருடையது. பாஸ் நாடாவை என் கால் பெருவிரலிலிருந்து தலைக்கம்புவரை பிடித்தார். ஐந்தடி மூன்றங்குலம். (கம்பு ஓரங்குலம். மீதி நான்.)

மூன்று மணிக்குக் கரண்ட் வந்தது. செங்கல் சார்ஜரைச் செருகினோம். நான் கண்ணை மூடிக்கொண்டு தெரிந்த சூறா எல்லாம் ஓதினேன். இரைச்சல் கேட்டது. நெல் ஆலை உயிரோடு இருந்தது! பொலித்தீனில் அவிந்து, சாக்கில் குலுங்கி, மலை ஏறி இறங்கியும் ஒரு கீறல் இல்லை. உறுதி விஷயத்தில் நான் வாங்கியது தப்பில்லை என்று சொல்ல வாயெடுத்தேன், ஷிபானாவின் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன்.

திரையில் மலை, வீடு, வெயில், ஆவி பறக்கிற தேத்தண்ணி எல்லாம் ஓடியது. நான் மெனிக்கே அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், என்னைப் போலவே வாயைப் பிளப்பார் என்று. அவர் அமைதியாகப் பார்த்து முடித்தார்.

"நல்லாயிருக்கு. ஆனா இதைத்தானே காலையில பார்த்தோம்?" என்றார். பிறகு திரைக்குப் பக்கத்தில் குனிந்து தேடினார். "வாசல்ல முதலாளியைக் காணோமே?"

அது நடந்து ஏழு வருஷமாகிறது. நாலு கபானாவும் எழும்பி, நாலு வாசலும் ஐந்தடி மூன்றங்குலத்தில் நிற்கின்றன. வருகிற வெள்ளைக்காரர்கள் ஆறடி, ஆறேகால் அடி. முதல் நாள் எல்லோருக்கும் நெற்றியில் ஒரு வீக்கம் உறுதி. விருந்தாளிகள் புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் மலையைப் புகழ்ந்து எழுதியிருக்கிறார்கள், கடைசி வரியில் வாசலைத் திட்டியிருக்கிறார்கள். மெனிக்கே அம்மா ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிக் கொடுத்துக்கொண்டே, யட்டவத்தை மிளகு முதலாளி தலையில் கம்போடு நின்ற கதையைச் சொல்லுகிறாராம். நான் பார்த்தேயிராத நாடுகளில் என் உயரம் தெரியும். எங்கள் வீட்டில் யார் எதில் இடித்துக்கொண்டாலும், உம்மா உட்பட, "முதலாளி வாசல்" என்றுதான் சொல்கிறார்கள்.

ஷிபானா அதற்குப் பிறகு எத்தனையோ வீடு வரைந்துவிட்டாள். அந்தக் கறுப்புப் பெட்டி இன்னும் ஓடுகிறது, நான்தான் தூக்குகிறேன். போன மாதம் லக்கலைக்குப் போயிருந்தோம். நான் வழக்கம்போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முதலாவது கபானாவுக்குள் நுழைந்தேன். பின்னால் வந்த ஷிபானா வாசலில் நின்றாள். அவள் என்னைவிட நாலங்குலம் உயரம், எங்கள் கல்யாணப் படங்களில் நாங்கள் எப்போதும் உட்கார்ந்தே இருப்பதற்குக் காரணம் அதுதான். முக்காட்டைப் பிடித்துக்கொண்டு, நிலையில் படாமல் தலையைத் தாழ்த்தி உள்ளே வந்தாள். வந்து, நிமிர்ந்து, என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தாள்.

"நல்லாப் பார்த்துக்கோங்க," என்றாள். "உங்களுக்கு நான் தலை குனியிறது இந்த நாலு வாசல்ல மட்டுந்தான். அதுவும் நானே வரைஞ்ச வீடுங்கிறதால."